தவில் தலைக்கு மேல் ஏறிய கதை: வீட்டிலேயே ஒரு பைனாரல் சோதனை

போன தை மாதம் எங்கள் ஊர்ப் பெருமாள் புறப்பாட்டை, நான்கு மைக் கொண்ட ஒரு கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்தேன். கும்பகோணத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் சின்ன ஊர். ஒரு நாயனம், ஒரு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப்பெட்டி, அவ்வளவுதான் மேளம். தம்பி குடும்பத்தோடு மஸ்கட்டில் இருக்கிறான். மூன்று வருடமாகப் புறப்பாட்டைப் பார்க்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் சன்னதித் தெரு முனையில் நிற்பது போலவே அவனுக்குக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பதிவு ஒரு மாலை வேலை. அதை இரண்டு காதுக்கான ஒலியாக, அதாவது பைனாரலாக மாற்றுவது, ஒலி மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் பிளக்இன் என்ற இலவசச் சிறு நிரல்கள் புண்ணியத்தில், ஒரு மணி நேர வேலை. மாற்றியது உருப்படியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் ஒன்றரை மாதம் ஆயிற்று.

முதலில் இரண்டு விதமாகச் செய்து வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அம்மா "ரொம்ப நல்லாருக்கு" என்றாள். அத்தை மகள் "சூப்பர்" என்றாள். பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் "தியேட்டர் மாதிரி இருக்குண்ணா" என்றான். எதுக்கு சூப்பர், எது எதைவிட சூப்பர் என்று கேட்டால் "ரெண்டுமே சூப்பர்". இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முதன்முதலாக ஹெட்போனில் சுற்றிலும் சத்தம் கேட்கிறவருக்கு எதைப் போட்டாலும் வாய் பிளக்கும். ஒருவேளை பிழையாகப் போட்டாலும்.

பிழையாகத்தான் போட்டிருந்தேன். அதைக் கண்டுபிடித்தது, அன்று வாசித்த தவில்காரர். பதிவை வாங்கிக் கேட்கிறேன் என்று வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். அரை நிமிடம் ஆகியிருக்காது.

"தம்பி, நாயனம் நமக்கு நேர்லதானே நின்னுது? எடது காதுல வாசிக்கிறாரு. என் தவிலு உச்சந்தலையில ஏறி உக்காந்திருக்கு. தாளம் எங்கயோ கழுத்துக்குக் கீழ கேக்குது."

"சாமி பக்கத்துச் சத்தம் எங்கண்ணே வருது?"

"வலது பக்கம். சாமி எப்ப அங்க போனாரு?"

தெருமுனையில் சாமி நின்றபோது மேளக்காரர்கள் சாமியைப் பார்த்துத் திரும்பி நின்று வாசித்தார்கள். நடுவில் ரெக்கார்டர் மாட்டிய என் கம்பு. மைக்கின் முகம் மேளத்தைப் பார்த்து. அதாவது நாயனம் முன்னால், தவில் இடது பக்கம், தாளம் வலது பக்கம், பல்லக்கு பின்னால். அவர் சொன்னதை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். முன் இடதாகியிருக்கிறது, இடது மேலாகியிருக்கிறது, வலது கீழாகியிருக்கிறது, பின் வலதாகியிருக்கிறது. இவ்வளவு ஒழுங்காக ஒரு தப்பு நடந்தால், காரணமும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

இந்த வகைப் பதிவுக்கு ஆம்பிசானிக்ஸ் என்று பெயர். 1970களில் மைக்கேல் கெர்சன் முதலானவர்கள் இங்கிலாந்தில் உருவாக்கியது. நான்கு சேனல்: எல்லாத் திசையையும் சமமாக வாங்கும் டபிள்யூ, முன்பின்னுக்கு எக்ஸ், இடவலத்துக்கு ஒய், மேல்கீழுக்கு இசட். பழைய வழக்கத்தில் அடுக்கு டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட். இன்று பெரும்பாலான பிளக்இன்கள் எதிர்பார்க்கும் ஆம்பிக்ஸ் வழக்கத்தில் அடுக்கு டபிள்யூ, ஒய், இசட், எக்ஸ். ரெக்கார்டர் மெனுவில் நான் பழைய அடுக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிளக்இன்னைப் புதிய அடுக்கில் விட்டிருக்கிறேன். முன்பின் சேனல் இடவலமாகவும், இடவலம் மேல்கீழாகவும் படிக்கப்பட்டது. போதாக்குறைக்குப் பழைய வழக்கத்தில் டபிள்யூ சேனல் 3 டெசிபெல் குறைவாக இருக்கும். அதையும் ஏற்ற வேண்டும். அடுக்கை மாற்றி, டபிள்யூவை ஏற்றியதும் நாயனம் நேரே வந்து நின்றது.

மெனுவைச் சரியாகப் பார்க்காதது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, பதிவு தொடங்கும் முன் கம்பைச் சுற்றி நடந்து "முன்னால், இடது, பின்னால், வலது" என்று சொல்லிக் கைதட்டாதது. அரை நிமிட வேலை. இப்போது மறக்காமல் செய்கிறேன். பார்க்கிறவர்கள் கம்புக்குப் பூசை போடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

சரி, அடிப்படைக்கு வருவோம். வலது பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் அது வலது காதுக்கு முதலில் போகிறது, இடது காதுக்குக் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குறைவாகப் போகிறது. மனிதத் தலையின் அளவுக்கு அந்தத் தாமதம் அதிகபட்சம் சுமார் 0.65 மில்லி நொடி. தணிந்த சுருதிக்குத் தாமதமும், உயர்ந்த சுருதிக்கு அளவு வித்தியாசமும் உதவுகின்றன என்று ராலே பிரபு 1907லேயே எழுதிவிட்டார். ஆனால் நேர் முன்னால் இருக்கும் சத்தத்துக்கும் நேர் பின்னால் இருக்கும் சத்தத்துக்கும் இரண்டு காதிலும் தாமதம் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். அங்கே உதவுவது காது மடல். அதன் மேடுபள்ளங்கள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே சில அலைவெண்களைக் குறைத்தும் கூட்டியும் திசைக்கு ஒரு முத்திரை குத்துகின்றன.

இந்த முத்திரைகளை எல்லாத் திசைக்கும் அளந்து வைத்த தொகுப்புதான் எச்ஆர்டிஎஃப். 1994ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பில் கார்ட்னரும் கீத் மார்ட்டினும் கெமார் என்ற பொம்மை மனிதனின் காதுகளில் மைக் வைத்து 710 திசைகளில் அளந்து இலவசமாகக் கொடுத்தார்கள். இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இப்போது இவை சோஃபா என்ற கோப்பு வடிவத்தில் வருகின்றன. பெயர்தான் சோஃபா, உட்கார முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே வில்லங்கம்: அது இன்னொருவருடைய காது. கெமாரின் மடலும் என் மடலும் ஒன்றல்ல. அந்தப் பொம்மையின் காதை வாங்கி மாட்டிக்கொண்டுதான் நாம் கேட்கிறோம்.

நான் ஒப்பிட்டவை மூன்று. 'அ': நான்கு சேனலையும் எட்டுக் கற்பனை ஸ்பீக்கர்களாக விரித்து, ஒவ்வொன்றையும் கெமார் வடிகட்டியில் போட்டது. 'ஆ': ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஐஇஎம் நிறுவனம் இலவசமாகத் தரும் பைனாரல் பிளக்இன். நியூமன் கேயு 100 பொம்மைத் தலையில் எடுத்த அளவுகளை மேக்எல்எஸ் என்ற முறையில் பயன்படுத்துகிறது. 'இ': சாதாரண ஸ்டீரியோ. இதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். இதையும் 'சூப்பர்' என்று சொல்கிறவரின் மற்ற 'சூப்பர்'களுக்கு எவ்வளவு விலை என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது சுற்றில் எல்லோரும் 'ஆ' என்றார்கள். சந்தோஷப்படுவதற்குள் ஒலி அளவைப் பார்த்தேன். 'ஆ' மற்றவற்றைவிட 2 டெசிபெல் தூக்கலாக இருந்தது. கொஞ்சம் சத்தம் கூடினால் காது அதைத் 'தெளிவு' என்று நினைத்துக்கொள்ளும். மூன்றையும் சம அளவுக்குக் கொண்டுவந்து, கோப்புப் பெயர்களை அத்தை மகளை விட்டு மாற்றச் சொன்னேன். எது எது என்று எனக்கும் தெரியாது. இன்னொன்றும் நடந்தது: அம்மா ஹெட்போனை இடவலம் மாற்றி மாட்டியிருந்தாள். அன்றிலிருந்து வலது கிண்ணத்தில் ஒரு குங்குமப் பொட்டு.

நான்காம் நாள்தான் எனக்கு உறைத்தது. ஹெட்போனில் ஒருவர் திசையைத் தப்பாகச் சொன்னால், தப்பு பிளக்இன்னுடையதா, அவர் காதுடையதா? நிஜச் சத்தத்தில் அவர் எப்படிச் சொல்வார் என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. நிஜச் சத்தத்தை வீட்டுக்குள் வைத்துச் சோதிக்கவும் முடியாது. கூடத்தில் நாலு சுவர், முற்றம், ஊஞ்சல், இரும்பு பீரோ என்று ஒவ்வொன்றும் எதிரொலிக்கும். ஆய்வுக்கூடங்களில் எதிரொலி இல்லாத அறை கட்டி வைத்திருப்பார்கள். எங்களிடம் அறுவடை முடிந்த வயல் இருக்கிறது.

சம்பா அறுத்த வயல் மாதிரி ஒரு திறந்தவெளி கிடைக்காது. சுற்றிலும் சுவர் இல்லை, கட்டிடம் இல்லை. தரை மட்டும்தான் எதிரொலிக்கும். அதன்மேல் வைக்கோலைப் பரப்பிவிட்டால் அதுவும் அடங்கும். ஆனால் எங்கள் வயலில் கால் வைக்க அப்பா விடவில்லை. நெல் நிற்கும்போதே உளுந்து தெளிப்பது இங்கே வழக்கம். அறுத்தபின் தாளுக்கு நடுவில் உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. "ஒன் ஆராய்ச்சிக்கு என் உளுந்துதான் கெடச்சுதா" என்றார். பக்கத்துப் பங்காளி உளுந்து தெளிக்கவில்லை. அவர் வயலில் இடம் கிடைத்தது.

2 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, 30 டிகிரிக்கு ஒன்றாக 12 மூங்கில் குச்சிகள் நட்டோம். நடுவில் நாற்காலி. உட்காருகிறவருக்குக் கண்ணில் துண்டு கட்டு. டிகிரி சொல்லச் சொன்னால் யாருக்கும் வராது. கடிகாரமாகச் சொல்லச் சொன்னேன். நேர் முன்னால் 12 மணி, வலது கை 3 மணி, முதுகுக்குப் பின்னால் 6 மணி. இது எல்லோருக்கும் உடனே பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பையன் சின்ன ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு குச்சிக்குக் குச்சி போய் ஒரு தவில் அடியை ஒலிக்க வேண்டும்.

முதல் அரை மணி நேரம் எல்லோரும் நூற்றுக்கு நூறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் நானே கண்ணைக் கட்டி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: பையன் நடந்து போகும் வைக்கோல் சரசரப்பு அவன் எங்கே போய் நிற்கிறான் என்பதை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. எதிரொலியை அடக்கப் போட்ட வைக்கோல் விடையைச் சொல்லிவிட்டது. தண்ணீர் தெளித்துப் பார்த்தோம், குறையவில்லை. கடைசியில் ஒவ்வொரு முறையும் அவன் முழு வட்டம் ஓடிவிட்டு எங்காவது நிற்க, அத்தை மகளும் எதிர்த்திசையில் கூடவே ஓட, நாற்காலியில் இருக்கிறவருக்கு ஒன்றும் புரியாமல் போனது. வயலில் இரண்டு பேர் வட்டமாக ஓட நடுவில் ஒருவர் கண்ணைக் கட்டி உட்கார்ந்திருந்ததை, மேட்டுத்தெரு வழியாகப் போன அத்தனை பேரும் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

நிஜச் சத்தம் ஒரு சுற்று. அதே நாற்காலி, அதே துண்டு, ஆனால் ஹெட்போனில் அதே தவில் அடி 12 திசைகளில், 'அ' ஒரு சுற்று, 'ஆ' ஒரு சுற்று. ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 36 அடி. ஐந்து பேரை வைத்து விழுக்காடு போட்டால் சிரிப்பார்கள், அதனால் போடவில்லை. ஆனால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். அப்பாவுக்கு வயது 68. 'ஆ'வில் அவர் 11 தடவை முன்னைப் பின்னாகவோ பின்னை முன்னாகவோ சொன்னார். இதை மட்டும் பார்த்திருந்தால் பிளக்இன்மேல் பழி போட்டிருப்பேன். நிஜச் சத்தத்திலேயே அவர் 7 தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார். வயதானால் முதலில் போவது உயர்ந்த அலைவெண்கள். காது மடலின் முத்திரை இருப்பதும் அங்கேதான். பிளக்இன் கணக்கில் சேருவது மீதி நாலு மட்டும்.

இது நான் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் இல்லை. 1993ல் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் எலிசபெத் வென்செலும் கூட்டாளிகளும் பழக்கமில்லாத 16 பேரை வைத்து, வேறொருவர் காதின் அளவுகளோடு இதே ஒப்பீட்டைச் செய்தார்கள். முன்பின் குழப்பம் நிஜ ஒலியில் சராசரி 19 விழுக்காடு, ஹெட்போனில் 31. நிஜத்திலேயே 19 என்பதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

தவில் அடியை மாற்றிச் சுருதிப்பெட்டியின் நீண்ட ஒலியைப் போட்டபோது நிஜச் சத்தத்திலேயே எல்லோரும் தடுமாறினார்கள். அடி என்பது திடீரென்று தொடங்குகிறது, எல்லா அலைவெண்ணும் அதில் இருக்கிறது. காதுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. இழுத்துப் பிடித்த ஒரே ஸ்வரத்தில் அது இல்லை. ஒரே ஒரு ஒலியை வைத்துச் சோதித்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று முடிவு செய்தால் அந்த ஒலியைத்தான் சோதித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

திசை ஒரு பாதிதான். ஒலி நன்றாக இருக்கிறதா என்பது மறுபாதி, அதில்தான் நிறையத் தடுக்கி விழுந்தேன். ஒலித்தர சோதனைக்கு முஷ்ரா என்று ஒரு முறை உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பிஎஸ் 1534 பரிந்துரை. 0 முதல் 100 வரை மதிப்பெண், நடுவில் மூல ஒலியையே பெயர் மறைத்து வைப்பார்கள், 3,500 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிக் கெடுத்த ஒன்றையும் வைப்பார்கள். எனக்கு இரண்டு சிக்கல். ஒன்று, மூல ஒலி என்பது அந்தத் தெருமுனைதான். அதைக் கோப்பாக வைக்க முடியாது. இரண்டாவதை எந்தப் பரிந்துரையிலும் பார்த்ததில்லை: எங்கள் ஊரில் யாரும் 35க்குக் கீழே மதிப்பெண் போட மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் 35 தேர்ச்சி. அதற்குக் கீழே போட்டால் யாரையோ ஃபெயில் ஆக்கிய பாவம் வந்துவிடும் என்பது போல, டெலிபோன் மாதிரிக் கெடுத்து வைத்ததற்குக் கூட அம்மா 40 கொடுத்தாள். மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு இரண்டாகப் போட்டு "இதா, அதா" என்று கேட்க ஆரம்பித்தேன்.

என்ன கேட்பது என்பதும் கேள்விதான். பெர்லினில் லிண்டாவும் மற்றவர்களும் 2014ல் வெளியிட்ட சாகி பட்டியலில், இந்த வகை ஒலியை விவரிக்க 48 தன்மைகள் இருக்கின்றன. அதை மொழிபெயர்த்து அம்மாவிடம் நீட்டினால் எழுந்து போய்விடுவாள். மாறாக, அவர்களாகவே சொன்ன சொற்களைப் பத்து நாள் குறித்து வைத்தேன். "தலைக்குள்ளயே சுத்துது", "காதோரமா நிக்கிறாங்க", "எட்டத்துல போகுது", "டப்பாக்குள்ள வாசிக்கிற மாதிரி", "கணீர்னு இல்ல". இவற்றிலிருந்து கேள்விகள் தாமாக வந்தன. சத்தம் தலைக்குள்ளா, காதோரமா, கை எட்டும் தூரமா, தெருவிலா? நாயனம் நிற்கும் இடம் ஒரு விரல் அகலமா, ஓர் ஆள் அகலமா, ஒரு வாசல் அகலமா? ஏதாவது டப்பா வாடை அடிக்கிறதா? இப்படிக் கேட்டபோது முதல் தடவையாக ஒரே ஆள் ஒரே கோப்புக்கு இரண்டு நாளும் ஒரே பதிலைச் சொன்னார்.

கடைசிக் கேள்வி தவில்காரர் கொடுத்தது: "தோல் தோலா கேக்குதா?" அவருக்குத் திசை இரண்டாம் பட்சம். 'அ'வைக் கேட்டதும் முகம் சுளித்தார். "தொப்பி சரியா இருக்கு தம்பி. வலந்தலை மங்கிப்போச்சு. கூடு போட்டு அடிக்கிற அடி இது இல்ல, வெறும் வெரலால தட்டுற மாதிரி இருக்கு." இடது பக்கத்துத் தொப்பியைக் குச்சியாலும், வலந்தலையை விரலில் கூடு மாட்டியும் அடிக்கிறார்கள், வலந்தலையின் உயிர் அந்தக் கூர்மையில் இருக்கிறது. அவர் சொன்னது இயற்பியலோடு அப்படியே பொருந்துகிறது. நான்கு சேனல் ஆம்பிசானிக்ஸால் தலை அளவு இடத்தில் ஒலி அலையை 600, 650 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகத் திருப்பிக் கட்ட முடியும். தொப்பியின் கனத்த ஒலி பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே கற்பனை ஸ்பீக்கர்கள் ஒன்றின் அலையை ஒன்று அழித்து மங்கலாக்கும். இதைக் குறைக்க 16 சேனல் மூன்றாம் வரிசை மைக் வேண்டும். அந்த விலைக்கு எங்கள் ஊரில் நல்ல கறவை மாடு வாங்கலாம். மேக்எல்எஸ் முறையில் இன்னொரு வழி: சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அலைகளின் நேரப் பொருத்தத்தைக் கைவிட்டுவிட்டு, அளவை மட்டும் சரியாக்குகிறார்கள். அந்த உயரத்தில் காது நுண்ணிய நேர வித்தியாசத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 'ஆ'வில் வலந்தலை கணீரென்று வந்தது.

நானும் அவரும் இதில் கற்பனை செய்துகொள்கிறோமோ என்று சந்தேகம் வந்து, பெயர் தெரியாமல் 16 தடவை 'அ', 'ஆ' பிரித்துச் சொல்லும் சோதனை வைத்தேன். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர 4 விழுக்காட்டுக்கும் குறைந்த வாய்ப்புதான். நான் 13. தவில்காரர் 16. அவர் பதினாறாவதைக் கேட்பதற்குள் வெற்றிலையை மடித்து முடித்திருந்தார்.

இடையில் ஒரு பேராசை. கெமார் காதும் வேண்டாம், நியூமன் காதும் வேண்டாம், என் காதையே அளந்தால்? அதே வயல், விடிகாலை, காற்று எழும்பும் முன். இரண்டு காதுத் துளையையும் மென்பஞ்சால் அடைத்து வாசலில் சின்ன மைக் வில்லைகள். 1.4 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர், என் காது உயரத்தில், 1.2 மீட்டரில். தணிந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிக்கு ஏறிப்போகும் ஒலியை ஒலிக்க வேண்டும், நான் சுழல் நாற்காலியில் 15 டிகிரி திரும்ப வேண்டும், மறுபடி ஒலிக்க வேண்டும். தரையில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியைவிட 1.38 மீட்டர் அதிகம் பயணம் செய்கிறது. அதாவது சுமார் 4 மில்லி நொடி தாமதம். அதற்கு முன்னால் வெட்டிவிட்டால் தரையே இல்லாத மாதிரி. ஆனால் 4 மில்லி நொடித் துண்டில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே விவரம் தேறாது. அங்கே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

தலை ஆடக்கூடாது என்பதுதான் கஷ்டம். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, மூங்கில் சட்டத்திலிருந்து உச்சிக்கு நேரே தொங்கவிட்டு, குண்டு உச்சந்தலையில் உரசும்படி உட்கார்ந்தேன். நாற்காலி ஈர மண்ணில் புதைந்தது, அடியில் பலகை. எட்டாவது திசையில் செம்போத்து கூவ ஆரம்பித்தது, பதினோராவதில் யாரோ மோட்டார் போட்டார்கள். மூன்று விடியற்காலைகளில் 24 திசைகளையும் முடித்தேன். பலன்? எனக்கு நேர் முன்னால் இருப்பது முதன்முறையாக முன்னால் கேட்டது. அத்தை மகளுக்குப் போட்டால் 'ஆ'வைவிட மோசம் என்றாள். என் காதை அவள் மாட்டிக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். இதைத் தம்பிக்கு அனுப்பிப் பயனில்லை என்று ஒதுக்கிவிட்டேன்.

எதிர்பாராமல் கிடைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தலைக்குள்ளா, தெருவிலா என்ற கேள்விக்குக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் பெரும்பாலும் "காதோரம்" என்றார்கள். ஒரு நாள் மாலை மின்சாரம் போய்விட்டது. திண்ணைக்கு வந்து தெருவைப் பார்த்தபடி கேட்டார்கள். அதே கோப்பு, அதே ஹெட்போன். "தெருவுல" என்றார்கள். பதிவில் இருப்பது திறந்த தெருவின் எதிரொலி. கண் முன்னால் இருப்பது நாலு சுவர். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூளை சத்தத்தை வெளியே வைக்க மறுக்கிறது. இதை ஆய்வாளர்களும் கவனித்து, அறை முரண்பாட்டின் விளைவு என்று எழுதியிருக்கிறார்கள். அதன்பின் சோதனையை எல்லாம் திண்ணைக்கு மாற்றவில்லை, தம்பி கேட்கப்போவது மஸ்கட் ஃபிளாட்டில்தானே. கூடத்தில் வாங்கிய பதிலைத்தான் கணக்கில் வைத்தேன்.

தலை திருப்பத்தைப் பின்தொடரும் கருவியும் ஒன்று செய்தேன். ஹெட்போன் பட்டையில் திருப்பத்தை அளக்கும் ஒரு பிஎன்ஓ055 சென்சார் பலகை, அதைப் படிக்க ஆர்டுயினோ என்ற ஒரு குட்டிக் கணினிப் பலகை, லேப்டாப்பில் ஒலிக்களத்தைத் தலைக்கு எதிராகச் சுழற்றும் பிளக்இன். தலையை லேசாகத் திருப்பினால் முன்னால் இருப்பது ஒரு பக்கமும் பின்னால் இருப்பது எதிர்ப்பக்கமும் நகரும். முன்பின் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். 1940லேயே ஹான்ஸ் வாலக் இதைக் காட்டியிருக்கிறார். எங்கள் வீட்டில் முதலில் தீரவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டால் நாயனம் மெல்ல மெல்லச் சமையலறைக்குப் போய்விடும். ஊஞ்சலின் இரும்புச் சங்கிலி சென்சாருக்குள் இருக்கும் திசைகாட்டியை இழுத்திருக்கிறது. காந்தத்தை விட்டுவிட்டுச் சுழற்சியை மட்டும் பார்க்கும் நிலைக்கு மாற்றியதும் நின்றது. அப்பா இதை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் தெருவை வளைய வளையப் பார்த்தார். கழற்ற மனமில்லை. ஒன்று: இதற்கு வயர் ஹெட்போன்தான். புளூடூத் போட்டால் தலை திரும்பி முடித்த பிறகுதான் ஊர் திரும்பும்.

கடைசியில் போனது 'ஆ'. சுருக்காத கோப்பாக, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக. ஆடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு நசுக்கிவிடும், இத்தனை பாடும் வீண். கூடவே ஒரு குறிப்பு: சிவப்பு எழுத்து வலது காது, வயர் இயர்போன், கண்ணை மூடிக்கொள்.

இரண்டு நாள் கழித்துப் பேசினான். நாயனத்தைப் பற்றிச் சொல்வான் என்று காத்திருந்தேன்.

"அண்ணே, நாலாவது நிமிஷத்துல ஒரு நாய் கொரைக்குதுல்ல? அப்படியே திரும்பிப் பாத்துட்டேன். முதுகுக்குப் பின்னால, மடப்பள்ளி பக்கம்."

போனை வைத்துவிட்டு மூலப் பதிவைத் திறந்து அந்த இடத்துக்குப் போனேன். முன்னாலிருந்து வரும் ஒலிக்கு டபிள்யூ சேனலும் எக்ஸ் சேனலும் சேர்ந்தே ஏறி சேர்ந்தே இறங்கும். பின்னாலிருந்து வந்தால் ஒன்று ஏற மற்றது இறங்கும். நாய் குரைத்த இடத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறியிருந்தன. நாய் நின்றது முன்னால், மேளத்துக்கு அந்தப் பக்கம், டீக்கடை விளக்குக் கம்பத்தடியில். சொன்னேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கும் ஒரு சென்சார் பலகை வாங்கி வைத்திருக்கிறேன். மஸ்கட்டுக்குப் போகிறவர் யாராவது எடுத்துப் போக வேண்டும்.